பானெட் தூக்காமல் இருக்கன்குடி வரை

மாரித்தாய் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் விருதுநகர் போகும் பஸ்ஸில் இருந்தேன். நம் சங்கத் தலைவர் குருசாமி அண்ணாச்சிதான் கூப்பிட்டார். அவர் போனில் பேசினால் பஸ் முழுக்கக் கேட்கும். அன்றைக்கு எனக்கே சரியாகக் கேட்கவில்லை. “மதுர ஆஸ்பத்திரியில விடியக்காலம் மூச்சு நின்னுருச்சாம் தாயி. கொண்டு வர்றாக. நீ திரும்பி வந்துரு” என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். நெஞ்சு வலி மூன்று மாதமாக இருந்திருக்கிறது. அக்கா யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டு வாசலில் பெரிய கூட்டம். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கே தொடங்கினாலும் பேச்சு இருக்கன்குடிக் கோயில் பயணத்தில்தான் போய் நின்றது. அன்றைக்கு அக்கா ஓட்டிய சங்கத்து ஜீப்பில் போன பெண்கள் பதினான்கு பேர் என்பது எனக்குத் தெரியும். இழவு வீட்டில் “நானும் அன்னைக்கு வண்டியில இருந்தேன்ல” என்று சொன்னவர்களைச் சேர்த்தால் நாற்பது பேராவது தேறுவார்கள். அழுதுகொண்டிருந்தவர்களே அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்திருப்பார்.

நம் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, அந்தப் பயணத்துக்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து எழுதலாம் என்று தோன்றியது. அது பலருக்கு முழுசாகத் தெரியாது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள பட்டாசுக் கம்பெனிகளில் வேலை செய்பவர்களின் சங்கம் எங்களுடையது. சங்கத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப் ஒன்று உண்டு. மூடிப்போன ஒரு கம்பெனியின் முதலாளி கொடுத்துவிட்டுப் போனது. அதற்கு என்னைவிட வயது அதிகம். ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று ஊர்கள் இருக்கின்றன. ஒரு மழை விழுந்தால் போதும், கரிசல் மண் குழைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆம்புலன்ஸ் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். ஜீப் மட்டும்தான் இறங்கி ஏறும். பிரசவம், பாம்புக்கடி, கம்பெனியில் தீக்காயம், எல்லாவற்றுக்கும் அதைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த ஜீப்பை ஓட்டியவர் மாரித்தாய் அக்கா. பதினாறு வருடம் திரி வெட்டும் அறையில் வேலை பார்த்தவர். ஒரு விபத்தில், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த தோழியைப் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு திரி அறைக்குப் போகவில்லை; ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் சங்க அலுவலகத்தில் வண்டிப் பதிவேடு எழுதுகிறவள். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அதனால் அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏ காலேஜு, இன்னைக்கு எங்கெங்க போனோம்னு எழுதிக்கோ” என்பார். நான் பேசுவது எனக்கே கேட்காது. ஒவ்வொரு வார்த்தையையும் அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஜீப்பின் பழைய ரேடியேட்டரைப் பல வருடம் போர்த் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் குடத்துக்குள்ளேயே வெள்ளையாகப் படியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படியாமல் இருக்குமா? அடைத்துக்கொண்டது. இன்ஜின் சூட்டை வாங்கி ஆற்ற வேண்டிய தண்ணீர் ஓட வழியில்லாமல் கொதித்து அங்கங்கே கசிந்தது. ஈயம் வைத்து ஒட்டி ஒட்டிப் பார்த்து, கடைசியில் மாற்றியே ஆக வேண்டும் என்றானபோது, தலைவர் தன் மச்சினர் மூலமாக ஒன்றை வரவழைத்தார். அலுமினியத்தில் செய்தது. மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் பிளாஸ்டிக். புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னியது. எல்லோரும் தொட்டுப் பார்த்தோம்.

ஐந்தாவது வாரம் ஓடைக்குள் வண்டி இறங்கிக் குலுங்கியபோது, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேருகிற இடத்தில் அது பிளந்துவிட்டது. உள்ளே ஒரு நிறைமாதப் பெண் இருந்தார். நான்கு பேர் அவரைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை ஓடினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் மறுநாள் சங்கக் கூட்டத்தில் ஜீப் பிழைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

“ஏத்தா மாரி, இது ஜீப்பா இட்லிச் சட்டியா? எப்பப் பாத்தாலும் ஆவி பறக்குது” என்றார் சீனியம்மாள் அக்கா. கூட்டம் சிரித்தது. சீனியம்மாள், மாரித்தாய் அக்காவோடு ஒரே திரி அறையில் இருந்தவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் நாலு வார்த்தை பேசியதை நான் கேட்டதில்லை.

தலைவர் சிரிக்கவில்லை. “எடைக்குப் போட்டுருவோம். இத நம்பி ஒரு உசுர ஏத்த முடியாது” என்றார்.

“ஜீப்பு இல்லேன்னா ஓடைக்கு அங்கிட்டு இருக்குறவுகள எதுல ஏத்துவீக?” என்று அக்கா கேட்டார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அக்காவே தொடர்ந்தார்.

“ஒரே ஒரு தடவ, ரேடியேட்டர நான் பாத்து வாங்குறேன். அதுவும் கொதிச்சா நானே இழுத்துக் கொண்டுபோயி எடைக்குப் போட்டுட்டு வாறேன்.”

தலைவர் விரல் விட்டு நாள் எண்ணினார். “சரி. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு முழு லோடோட போயிட்டுத் திரும்பி வரணும். வழியில ஒரு தடவ பானெட்டத் தூக்குனாலும் அம்புட்டுதான். நானும் கூட வருவேன்” என்றார்.

“வாங்க. முன்சீட்டு உங்களுக்குத்தான்” என்றார் அக்கா.

ரேடியேட்டர் வாங்க விருதுநகருக்கு என்னையும் கூட்டிப்போனார். கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய பித்தளை ரேடியேட்டரைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். “இத ஏன் தூக்கிட்டு வாறீக?” என்று கண்டக்டர் கேட்டார். “பேத்திக்கு மாப்ள பாக்கப் போறோம். பாட்டிய விட்டுட்டா போக முடியும்?” என்றார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முன்பே நாங்கள் அளவு எடுத்திருந்தோம். நான் ஸ்கேல் வைத்து அகலம், உயரம், குழாய் வாய்கள் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் தாளில் எழுதியிருந்தேன். அக்கா திரி நூலில் முடிச்சுப் போட்டிருந்தார். திரி அறையில் அவர் பதினாறு வருடம் அப்படித்தான் அளந்திருக்கிறார். என் தாளில் இல்லாத ஒரு முடிச்சு அவர் நூலில் இருந்தது. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது அலுமினியம்தான். எடை குறைவு, சூடு நன்றாக ஆறும், இப்போது எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“எது ஒசத்தின்னு நான் கேக்கலண்ணே. ஒடஞ்சா எங்கூர்ப் பக்கம் இத யாரு ஒட்டுவா?”

“இந்தத் தொட்டிய ஒட்டவெல்லாம் முடியாதும்மா. மாத்தத்தான் வேணும்.”

“பித்தளைன்னா?”

“அது சிவகாசி, சாத்தூரு, எங்கன வேணாலும் பத்த வச்சுத் தந்துருவாக.”

“அப்பப் பித்தளையக் காட்டுங்க.”

பித்தளைத் தொட்டியும் செம்புக் குழாயுமாக இரண்டு வந்தன. ஒன்றில் குழாய்கள் மூன்று வரிசை, இன்னொன்றில் நான்கு வரிசை. எனக்குத் தெரிந்த இயற்பியலின்படி நான்குதான் சரி. அக்காவின் சேலை முந்தியை இழுத்து, “நாலு வரிசை வாங்கலாம்க்கா, இன்னும் நல்லா ஆறும்” என்றேன். கடைக்காரருக்கு என் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. “படிச்ச புள்ள சரியாச் சொல்லுது பாருங்க” என்றார்.

அக்கா நூலை எடுத்தார். எனக்குப் புரியாத அந்த முடிச்சு, ரேடியேட்டர் உட்காரும் சட்டத்துக்கும் பின்னால் சுற்றுகிற ஃபேனுக்கும் இடையில் உள்ள தூரம். நான்கு வரிசையின் கனத்தோடு நூலை வைத்துப் பார்த்தால், மீதி ஒரு விரல்கூட இல்லை.

“வண்டி நிக்கும்போது இது சரிதான் காலேஜு. ஓடையில குதிக்கும்போது இன்ஜினும்ல குதிக்கும். ஃபேன் றெக்க போயி இதுல அடிச்சா என்ன ஆகும்?”

மூன்று வரிசையை எடுத்தோம். அதோடும் அவர் விடவில்லை. அதன் வாய்களை அடைத்து, காற்றை ஏற்றி, கடையின் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டச் சொன்னார். “புதுசுக்கு எதுக்கும்மா டெஸ்ட்டு?” என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். “புதுசுதாம்ணே அஞ்சாவது வாரத்துல வாயப் பொளந்துச்சு” என்றார் அக்கா. ஒரு குமிழிகூட வரவில்லை. புது மூடி, புது ரப்பர்க் குழாய்கள், சட்டத்துக்கு அடியில் வைக்க ரப்பர் வாஷர், தண்ணீரோடு கலக்கும் கூலண்ட் எல்லாம் கேட்டு வாங்கினார். திரும்பும் பஸ்ஸில் மாப்பிள்ளையும் பாட்டியும் சேர்ந்தே வந்தார்கள். பாட்டி என் மடியில்.

மாட்டுவதற்கு முன் இன்ஜினுக்குள் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவினோம். உள்ளே கிடக்கிற உப்பும் துருவும் புது ரேடியேட்டருக்குள் போய்விடக் கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். அரை நாள் முழுக்கக் காவி நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. தெளிந்த பிறகுதான் மாட்டவிட்டார். அதன்பின் போர்த் தண்ணீர் அந்த வண்டியின் பக்கமே போகவில்லை. சுத்திகரித்த கேன் தண்ணீர்தான். “நாம குடிக்கிறதவிட ஒசத்தியால்ல குடிக்குது” என்றார் சீனியம்மாள்.

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கும்போது சோதித்துப் பார்க்க நாங்கள் இருவரும் கிளம்பினோம். வழியில் ஒரு கம்பெனி கேட்டுக்குப் போய் மருந்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஆலங்குளம் பக்கம் மேட்டில் ஏறினோம். சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றது. பிறகு அசைந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. சிவப்பை நெருங்கியபோது அக்கா வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். “இதுவும் போச்சா?” என்று அவர் கேட்டது என்னிடம் இல்லை.

நான் இறங்கி வண்டியின் முன்னால் போனேன்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பட்டாசு வேலை செய்கிறவர்களுக்குச் சூடு என்றாலே பயம். சூடாக எதைப் பார்த்தாலும் கை தானாக ஈரச் சாக்கைத் தேடும். அக்கா இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, ஜீப்பின் முன்பக்கக் கம்பி வலைக்கு மேலே கட்டி வைத்திருந்தார். ஓடைப் பக்கம் போகும்போது சேறாகாமல் சுருட்டி மேலே போட்டுவிடுவார். கம்பெனிக்குப் போகும்போது இறக்கிவிடுவார். கேட்டில் வாட்ச்மேன் அதன் மேல் தண்ணீர் ஊற்றுவார். வெளியே வந்த பிறகும் அது அப்படியே தொங்கும். சூடு ஏறியதாக நான் பதிவேட்டில் எழுதிய நாள்களில் பெரும்பாலானவை கம்பெனிகளுக்குப் போய்வந்த நாள்கள். இதை நான் முன்பே கவனித்திருந்தேன். ஏன் என்று யோசித்தும் இருந்தேன். ஆனால் அந்தச் சாக்கை அவர் விபத்தில் போன தோழியை நினைத்துத்தான் தைத்தார் என்பது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று கண்ணெதிரே பார்த்தேன். உள்ளே ஃபேன் காற்றை இழுக்க, ஈரச் சாக்கு கம்பி வலையோடு அப்பிக்கொண்டிருந்தது. மூச்சு இழுக்கிறவரின் முகத்தில் நனைந்த துணியைப் போட்டது மாதிரி இருந்தது.

“அக்கா, காத்து போகல” என்றேன்.

“என்னது? சத்தமாச் சொல்லு.”

“காத்து போகலக்கா. சாக்கு அடைக்குது.”

அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். சாக்கைப் பார்த்தார். பிறகு சணல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பல்லால்கூடக் கடித்து அவிழ்த்தார். சாக்கு கீழே விழுந்ததும் புழுதிக் காற்று எங்கள் சேலைகளைப் பிடித்து உள்ளே இழுத்தது. ஓடிப்போய் முள்ளைப் பார்த்தோம். மெல்ல இறங்கி நடுவில் வந்து நின்றது.

“இத்தன வருசமா நாந்தான் இது மூக்கப் பொத்திப் பிடிச்சிருக்கேன்” என்றார்.

அதற்காகப் பாதுகாப்பை அவர் விட்டுவிடவில்லை. மறுநாளே ஒவ்வொரு கம்பெனிக்கும் போய், இனிமேல் ஜீப் கேட்டுக்கு வெளியே எட்டத்தில்தான் நிற்கும், ஆளை ஸ்ட்ரெச்சரில் அங்கே கொண்டுவந்து தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

ஆடி கடைசி வெள்ளி. பதினான்கு பெண்கள், பொங்கல் சாமான், பாத்திரங்கள். கடைசி நேரத்தில் சீனியம்மாள் நேர்ச்சைக் கடாவோடு வந்து நின்றார். “ஏத்தா, கடா லோடுல சேத்தி இல்லையே” என்றார் மாரித்தாய் அக்கா. “அண்ணாச்சிதான முழு லோடுன்னாக? தாராளமா ஏத்திக்கோ” என்று சொல்லிக் கடாவைப் பின்னால் தள்ளினார் அவர். தலைவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். காலுக்கு அருகே இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். “கொதிச்சா ஊத்தணும்ல” என்றார். அக்கா அதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

போகும்போது முள் நடுவை விட்டு நகரவில்லை. தலைவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். சாத்தூர் தாண்டியதும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அக்கா நான்கு சக்கரத்தையும் சேர்த்து, ஆற்று மணலுக்குள் இறக்கினார். கார்களும் வேன்களும் மேலே நின்று பார்க்க, மணலை அரைத்துக்கொண்டு ஜீப் கோயில் பக்கம் ஏறியது. பின்னால் பதினான்கு பேரும் குலவை போட்டார்கள். தலைவர் மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

சாமி கும்பிட்டு, பொங்கல் வைத்து, நேர்ச்சையை முடித்துத் திரும்பும்போது வெயில் உச்சியில் நின்றது. வண்டியில் ஏறியதும் தலைவர் கேனைத் தூக்கினார். அது கையோடு வந்துவிட்டது. சொட்டுத் தண்ணீர் இல்லை.

“யாரு குடிச்சா?”

“தாகம்னா எல்லாருந்தான் குடிப்பாக. அண்ணாச்சி, நீகளும் ரெண்டு டம்ளர் குடிச்சீகள்ல?” என்றார் சீனியம்மாள்.

அன்று பார்த்து வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. இன்ஜினை அணைக்கவும் முடியாது. பேட்டரி தேய்ந்துபோனது, அணைத்தால் பதினான்கு பேரும் இறங்கித் தள்ள வேண்டும். நிற்கிற வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடையாது. முள் அன்று முதல் தடவையாக நடுவைத் தாண்டியது. ரயில் வரவில்லை. முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. “மாரி...” என்றார் தலைவர். “இருங்க அண்ணாச்சி” என்றார் அக்கா. அவர் முள்ளைப் பார்க்கவில்லை. ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிவப்புக்கு ஒரு நூல் முன்னால் முள் நின்றது. அங்கேயே நின்றது. ஒரு சரக்கு ரயில் தன் எல்லாப் பெட்டிகளையும் எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் போனது. கேட் திறந்து, வண்டி நகர்ந்து, காற்று பட்டதும் முள் கீழே இறங்கியது. பின்னால் யாரோ சத்தமாக மூச்சு விட்டார்கள். நானாகவும் இருக்கலாம்.

சங்கத்து வாசலில் ஊரே நின்றது. ஜீப் வந்து நின்றதும் தலைவர் இறங்கி நேராக முன்னால் போய், “எம்புட்டுத் தண்ணி கொறஞ்சிருக்குன்னு பாப்போம்” என்று பானெட்டில் கை வைத்தார்.

“அண்ணாச்சி, ஒரு தடவ பானெட்டத் தூக்குனாலும் எடைக்குன்னு சொன்னீக. இப்ப நீகளே தூக்குறீக?” என்றார் அக்கா.

தலைவர் சூடு பட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அங்கே எழுந்த சிரிப்பும் குலவையும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இழவு வீட்டில் எல்லோரும் சொன்ன கதை இந்த இடத்தோடு முடிந்துவிட்டது. நடந்தது இங்கே முடியவில்லை.

“மாரி, நல்ல ரேடியேட்டராப் பாத்து எடுத்துட்ட. கெடுத்தது அந்த அலுமினியந்தான்” என்றார் தலைவர். அக்கா சரி என்று சொல்லியிருக்கலாம். அன்று அவர் என்ன சொன்னாலும் நம்பியிருப்போம். சாக்கு விஷயம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

“அலுமினியம் ஒடஞ்சது ஒரு நாளுதான் அண்ணாச்சி. மத்த நாளெல்லாம் கொதிச்சதுல பாதிக்கு மேல நாந்தான். முன்னால சாக்கக் கட்டிக் காத்த அடைச்சது நான். அது தெரியாம வண்டியத் திட்டுனேன், ரேடியேட்டரத் திட்டுனேன். இந்தக் காலேஜுதான் கண்டுபிடிச்சுச் சொல்லுச்சு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சீனியம்மாள் பக்கத்தில் வந்து என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். “இதுக்குப் பேச வேற வருமா?” என்றார். மறுபடியும் குலவை கிளம்பியது.

ஜீப்பை எடைக்குப் போடும் பேச்சு அதன்பின் எழவே இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஓடைக்கு அந்தப் பக்கம் போய் வந்தது. இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். போன வாரம்கூட அங்கிருந்து காய்ச்சல்காரக் குழந்தை ஒன்றை ஏற்றி வந்தது. முள் நடுவில் இருந்ததாக அவர் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டபோது தப்பை ஒப்புக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெயித்து நிற்கும் இடத்தில், யாரும் கேட்காத தன் தப்பைத் தானே எடுத்துச் சொன்னவரை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவர் ஓட்டிய வண்டி சங்கத்திடம் இருக்கிறது. அவர் நூல் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது, அத்தனை குலவைக்கும் நடுவில் மேல்மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு அவர் சொன்ன அந்த “நாந்தான்”.